பொய்க்கு ஒரு கதவு

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை அதையும் கட்டணத்தோடு சேர்த்து நம்மிடம்தான் கேட்பார்களா? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் படிக்க என்று டேப்லெட் கொடுத்தார்கள். சரி, காலம் அப்படி என்று விட்டேன். இப்போது அதில் விளையாட்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கார் ஓட்டுவது, பழம் வெட்டுவது என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். இது கதை விளையாட்டாம். பெயர் 'நூறு கதவு வீடு'.

ஆதிரை சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கினாள். செம்பா என்று ஒரு சிறுமி. அவள் அம்மா வீட்டின் கடைசி அறையில் நோயோடு படுத்திருக்கிறாள். அம்மாவுக்கு என்ன என்று செம்பா வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டே போகவேண்டும். யாராவது பொய் சொன்னால் செம்பாவுக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவில் புதிதாக ஒரு கதவு முளைத்துவிடும். சொன்னவரையே உண்மை சொல்லவைத்தால்தான் அது திறக்கும். வீட்டில் ஒரு பூனை உண்டு. அது மட்டும் பொய் சொல்லாது.

"கடைசில அம்மா பொழச்சுக்குவாளா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. எப்படி ஆடினாலும் செத்துருவாங்க."

"அப்ப எப்படி ஜெயிக்கிறது?"

"ஜெயிக்கிற கேம் இல்லம்மா இது. அவங்க சாகும்போது செம்பா ரூமுக்குள்ள இருக்காளா, கதவுக்கு வெளிய நிக்கிறாளா, அதுதான்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வெண்டைக்காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இதைச் சொல்கிறாள். எவன் உட்கார்ந்து இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தான்? அவன் வீட்டில் பிள்ளை இல்லையா?

டேப்பை வாங்கி பீரோ மேல் வைத்தேன். வீட்டுப்பாடமும் அதில்தான் இருக்கிறது என்றாள். திரும்பக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மழைக் காற்று. பாதி ஊருக்கு மின்சாரம் இல்லை. மின்வாரிய ஆபீஸில் காலையிலிருந்து புகார் எழுதி எழுதிக் கை வலிக்கிறது. ஒருவருக்கும் புகார் சொல்லத் தெரியவில்லை. "கரண்டு இல்லம்மா" என்பார்கள். எந்தத் தெரு என்று நாம்தான் பிடுங்கவேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் பஸ்ஸில் மதுரை. ஆதிரையின் அப்பா அங்கே அவர் அக்கா வீட்டில், என் மதினியிடம்தான் இருக்கிறார், ஜூலையிலிருந்து. அல்சர். கொஞ்சம் பெரிய அல்சர். விருதுநகரில் அதற்குச் சரியான டாக்டர் இல்லை. ஆதிரைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். அவருக்கும் அவ்வளவு தெரிந்தால் போதும். இந்த டைரி மேஜை மேல் கிடக்கிற பொருள், யார் கையிலும் படலாம். அதனால் இதிலும் அல்சர்தான்.

இன்று மூன்றாவது ஊசி நாள். ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் விடச் சொன்னேன். முன்வாசலில் கூட்டம் அதிகம், போர்டும் ரொம்பப் பெரிது. டாக்டர் வழக்கம்போல் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். ஸ்கேன் உறையை என் பையின் அடியில், புடவைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். "என்ன சொன்னாரு?" என்று அவர் கேட்டார். "காரம் சேக்கக் கூடாதாம்" என்றேன். தலையாட்டிக்கொண்டார். நல்ல மனிதர், எதையும் துருவிக் கேட்க மாட்டார். இந்த வெயிலிலும் கம்பளிக் குல்லா போட்டிருக்கிறார். அடுத்த மாதம் நாற்பத்தாறு முடிகிறது. பார்த்தால் அறுபது என்பார்கள்.

"எலிக்குட்டியக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். ஆதிரையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், நான்கு வயதில் பிஸ்கட் டப்பாவுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டதிலிருந்து.

"காலாண்டுப் பரீட்சை வருது. சனிக்கிழமை அவளுக்கு அபாகஸ் கிளாஸ் வேற" என்றேன்.

மதினி என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். அந்த விளையாட்டைக் கொண்டுவந்த புண்ணியவதி கம்ப்யூட்டர் மிஸ். பெயர் பிளெஸ்ஸி. இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை, பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எனக்குப் பிள்ளை வளர்ப்பு சொல்கிறது.

"பிள்ளைங்க மனசு நோகும்னு தோணலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஏற்கெனவே நொந்து போன பிள்ளைங்களும் கிளாஸ்ல இருக்காங்க மேடம்" என்றாள். "வீட்ல என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். யார்ட்ட கேக்குறதுன்னுதான் தெரியாது. இத ஆடின பிறகு நாலஞ்சு பேர் என்கிட்ட வந்து பேசினாங்க."

"என்ன பேசினாங்க?"

"அத உங்ககிட்ட சொல்ல முடியாது மேடம்."

பார்த்தீர்களா திமிரை! என்னிடம் சொல்ல முடியாதாம். ஆதிரையும் பேசினாளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவள் என்ன பேசப் போகிறாள்? எங்கள் வீட்டில் பேச ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு அல்சர், அவ்வளவுதான்.

"பாடத்துல இல்லாத எழவையெல்லாம் சொல்லிக் குடுக்க நாங்க பிள்ளைய அனுப்பல" என்று சொல்லிவிட்டு வந்தேன். நடுத்தெருவில்தான் நினைவு வந்தது, குடையை அங்கேயே விட்டுவிட்டேன். திரும்பப் போய் வாங்கிக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

குடையை ஆதிரையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று என் ரத்தம் கொதித்த மாதிரி என்றைக்கும் கொதித்ததில்லை.

ஏழரை மணிக்கு ஆதிரை கட்டிலில் சாய்ந்து டேப்பை வைத்துக்கொண்டிருந்தாள். துணி மடித்துக்கொண்டே பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். திரையில் செம்பா ஒரு கதவு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு கறுப்புப் பூனை. பூனையின் தலைக்கு மேல் எழுத்துகள் ஓடுகின்றன. "எலிக்குட்டி சாப்பிட்டாச்சா? இன்னிக்கு என்ன கேக்கப் போற?" என்று பூனை கேட்கிறது. இவள் தட்டுகிறாள், "இன்னிக்கு வேணாம். நாளைக்குக் கேக்குறேன்."

"யாருடி அது?"

துள்ளி விழுந்தாள். "பூனைம்மா."

"பூனைக்கு எழுதத் தெரியுமா?"

"ரெண்டு பேர் ஆடலாம்மா. இன்னொருத்தர் அவங்க போன்லருந்து பூனையா வரலாம்."

"யாரு அந்த இன்னொருத்தர்?"

"பூனைன்னா பூனைதாம்மா" என்று சொல்லி டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிடுங்கிப் பார்த்தேன். 'கரும்பூனை79' என்று இருக்கிறது. 79 என்பது என்ன, வீட்டு எண்ணா, போலீஸ் கேஸ் எண்ணா? எவனோ ஒரு தடியன், எந்த ஊர் என்று தெரியாது, பூனை வேஷத்தில் வந்து என் மகளைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறான். பட்டப்பெயர் வரை தெரிந்துவைத்திருக்கிறான். இவள் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள் போல.

எத்தனை அதட்டியும் வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. அவள் அப்பாவைப் போலவே அழுத்தம்.

உடனே அவருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏழரை, எட்டு மணிக்கு எப்போது கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ஊசி மயக்கம். எட்டரைக்கு அவரே கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லவில்லை. அவருக்கு இருக்கிற பாடு போதும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புகார் எழுதினேன். எழுதத் தெரிந்தவள் எழுதினால் எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்க்கட்டும். என்ன நடந்தது, யார் காரணம், என்ன சேதம், என்ன செய்யவேண்டும், வரிசையாக. 'சாவை விளையாட்டாகக் காட்டிப் பிஞ்சு மனங்களை நோகடிப்பது' என்று ஒரு பத்தி. 'முகம் தெரியாத ஆடவர் பெண் குழந்தைகளுடன் தனியே உரையாட வழி செய்து கொடுத்தது' என்று ஒரு பத்தி. இரண்டாவதுதான் வெடி. தாளாளருக்கு ஒன்று, கல்வி அதிகாரிக்கு நகல் ஒன்று.

பெற்றோர் வாட்ஸப் குழுவிலும் போட்டேன். குட்மார்னிங் தவிர எதுவும் பேசாத ஆட்களெல்லாம் பொங்கிவிட்டார்கள். "சூப்பர் மேடம்", "நீங்க முன்னாடி நில்லுங்க, நாங்க பின்னாடி இருக்கோம்." பின்னாடி நிற்பதற்கு எப்போதும் ஆள் குறைவதில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பள்ளியில் கூட்டம். நான்தான் பேசினேன். பிளெஸ்ஸி எழுந்து, பூனையாகச் சேர வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையே அழைப்பு அனுப்பவேண்டும், வெளியாள் தானாக வர முடியாது என்று விளக்கப் பார்த்தாள். ஒரு அப்பா, "ஒம் பிள்ளையா இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கத்தினார். ஒருமையில் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஜெயித்துவிட்டேன்.

எல்லா டேப்பிலிருந்தும் அந்த விளையாட்டை நீக்கிவிட்டார்கள். பள்ளிக் கணக்கிலிருந்தே வேரோடு அழித்துவிட்டதாகத் தாளாளரே போன் செய்து சொன்னார். பிளெஸ்ஸியை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டதாம். குழுவில் எனக்கு ஒரே பூங்கொத்தாக வந்து குவிகிறது.

ஆதிரை பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் சோபாவில் உட்கார்ந்தாள். சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். போடவில்லை.

"கடைசிக் கதவுல இருந்தோம்மா" என்றாள். அவ்வளவுதான்.

தோசை ஊற்றினேன். வேண்டாம் என்றாள். நாளைக்குச் சரியாகிவிடுவாள். பிள்ளைகள் எதையும் சீக்கிரம் மறந்துவிடும்.

ஆகஸ்ட் 30, சனி

எழுத எழுதப் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான். வேறு எதனாலும் இல்லை.

மதுரைக்குப் போனதும் அவரிடம் சொன்னேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனிச் சொன்னால் என்ன என்று. மதினி அவருக்கு ரசம் சாதம் கரைத்துக்கொண்டிருந்தார். விளையாட்டு, பூனை, புகார், கூட்டம், வெற்றி, எல்லாவற்றையும் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்தே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அழிச்சிட்டாங்களா? எல்லாத்தையுமா?" என்றார்.

"வேரோட."

கண்ணை மூடிக்கொண்டார். வலியோ என்று பயந்துபோனேன். மூடியபடியே சொன்னார்.

"அந்தப் பூனை நாந்தான் திலகா."

மதினி டம்ளரைக் கீழே வைத்தார். நான், "என்ன ஒளர்றீங்க?" என்றேன்.

"எலிக்குட்டிதான் கேட்டா. பூனையா வர்றியாப்பான்னு. போன்ல ஏத்திக்கிட்டேன். தெனமும் ஏழரைக்கு வருவா."

"வந்து?"

"மொத நாளே கேட்டுட்டா. அப்பாவுக்கு அல்சரான்னு. பூனை பொய் சொல்லக் கூடாதுல்ல. இல்லைன்னுட்டேன்."

எனக்கு முதலில் எதுவும் புரியவில்லை. அல்சர் இல்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் கேட்டேன். அதற்கு அவர் சிரித்தார். சிரித்து, இருமி, மதினி முதுகைத் தடவிவிட்டு, மறுபடி சிரித்தார்.

"என்ன திலகா நீ. பஸ் ஸ்டாண்டுல இருபது வருசமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஊர்ல பாதிப் பேரு ஸ்கேன் ரிப்போர்ட்டு என் கை வழியாத்தான் போயிருக்கு. எந்த வார்த்தைக்கு எந்த மூஞ்சியோட வெளிய போவாங்கன்னு எனக்குத் தெரியாதா? பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போனா போர்டு தெரியாதுன்னு நெனச்சியா? உள்ள இருக்குற சீட்டு, போர்வை, எல்லாத்துலயும் ஆஸ்பத்திரி பேரு அச்சடிச்சிருக்கான்."

நான் மதினியைப் பார்த்தேன். "அவனுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்மா" என்றார் மதினி, தரையைப் பார்த்தபடி.

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் அல்சர் அல்சர்னு அம்புட்டுக் கஷ்டப்பட்டுக் கட்டி வச்சிருந்த. அத ஒடைக்க எனக்கு மனசு வரல. எலிக்குட்டியும் அதான் சொன்னா. அம்மாட்ட சொல்லிராதீங்கப்பா, அம்மா தாங்க மாட்டாங்கன்னு."

நான் தாங்க மாட்டேனாம்! நான்! ஜூலையிலிருந்து ராத்திரி பகல் பாராமல் எல்லோருக்கும் சேர்த்து ஒருத்தியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் கெஞ்சி, நர்ஸிடம் கெஞ்சி, சொந்தபந்தம் முழுக்க ஒரே வார்த்தையை மனப்பாடம் செய்யவைத்து, மாத்திரை அட்டையில் பெயரைக் கிழித்துக் கொடுத்தது யார்? கடைசியில் என்ன ஆயிற்று? அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். மதினிக்குத் தெரியும். மூன்று பேரும் என் முன்னால் நாடகம் ஆடியிருக்கிறார்கள். நான் தாங்க மாட்டேன் என்று.

சண்டை போட்டேன். நோயாளி என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஏழரை மணிக்குப் பழகிப்போச்சு திலகா. நேத்தும் முந்தாநாளும் போனக் கையில வச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

ஆறிப்போன ரசம் சாதத்தைச் சூடாக்க எடுத்துக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆதிரையோடு பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. இட்லிக்கு மாவு ஆட்டினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று தாளாளரிடம் போய் நின்றேன்.

"எதுக்கு மேடம்? ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்களே" என்கிறார். ஜோக் அடிக்கவில்லை, நிஜமாகவே பாராட்டுகிறார்.

"அந்தப் பூனை வெளியாள் இல்ல சார். அவ அப்பாதான்."

"அப்படியா? நல்லது. ஆனா எடுத்த முடிவு எடுத்ததுதான். நாளைக்கு வேற பிள்ளைக்கு வேற யாராவது வந்தா?"

"ஒரு வாரத்துல ஒரு பொண்ணோட வேலையத் தூக்குனீங்களே, யார் அந்த ஆளுன்னு ஒரு தடவை விசாரிச்சீங்களா?"

"நீங்கதான மேடம் விசாரிக்கக் கூட நேரம் குடுக்கல" என்றார், டீயை என் பக்கம் நகர்த்திக்கொண்டே. அந்த டீயை அவர் தலையில் ஊற்றியிருக்கவேண்டும். அவர் சொன்னது சரிதான் என்பதால் ஊற்றவில்லை. சரியாகச் சொல்லிவிட்டாரே என்றுதான் இன்னும் ஆத்திரம்.

பிளெஸ்ஸி வாசலில் ஸ்கூட்டியில் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். பரவாயில்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அந்தக் கேமை வெளிய வாங்கிப் போட்டுக்கலாமா?" என்று கேட்டேன்.

"வாங்கலாம். ஆனா அவங்க ஆடினது போயிருச்சு மேடம். மொதக் கதவுலருந்து வரணும். தெனம் ஒரு கதவுதான் திறக்கும், அப்படித்தான் பண்ணியிருக்காங்க. மறுபடி கடைசிக்கு வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும்." கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டாள். "உங்ககிட்ட டைம் இருக்கா?"

ஆதிரை அவளிடம் பேசியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளுக்காகக் கல்வி அதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதிப் போட்டேன். முதல் கடிதம் போன வேகத்தில் இது போகாது. யாரையாவது கெடுப்பதற்கு என்றால்தான் நம் ஊரில் காகிதம் ஓடும்.

செப்டம்பர் 4, வியாழன்

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், "சனிக்கிழமை அப்பாகிட்டப் போறோம்" என்றேன்.

"அபாகஸ்?"

"வேணாம்."

ஆதிரை என்னையே பார்த்தாள். "உனக்குத் தெரிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டதாம்! யார் யாரைக் கேட்பது என்று ஒரு முறை இல்லையா இந்த உலகத்தில்? "ம்" என்றேன். கூட ஒரு வடை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 6, சனி

ஆட்டோவை முன்வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். ஆதிரை போர்டை அண்ணாந்து முழுதாகப் படித்தாள். படிக்க விட்டேன்.

கட்டிலில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முதலில் குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்தாள். "வழுக்கையா இருக்கும்னு சொன்னீங்க, முள்ளு முள்ளா இருக்கு" என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் செம்பாவைப் பற்றிப் பேசினார்கள். சமையல்காரி சொன்ன பொய், மாமாவிடமிருந்து உண்மையை வாங்கிய விதம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊசி ஏறுகிற கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவர் என்னைப் பார்த்தார்.

"கடைசியா அவ ஒண்ணு கேட்டா திலகா. பூனைக்குப் பதில் தெரியல. ஒனக்குத்தான் தெரியும். டாக்டர் ஒன்னத்தான வெளிய கூப்பிட்டுப் பேசுனாரு."

"என்ன கேட்டா?"

"எம்புட்டு நாளுன்னு" என்றார்.

இத்தனை நாளும் மூன்று பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது என்று எகிறிக்கொண்டிருந்தேன். இதை நான் மறந்தேபோயிருந்தேன். மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன். மதினிக்குக்கூட இது தெரியாது. இந்த உலகத்தில் டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான்.

நூறு விதமாக நழுவலாம். டாக்டர் சரியாகச் சொல்லவில்லை எனலாம். ஆண்டவன் கையில் எனலாம். வாய் அதற்குத்தான் தயாரானது, ஜூலையிலிருந்து நன்றாகப் பழகிய வாய். இருவரும் ஒரே மாதிரிக் கண்ணை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள்.

"ஜூலைல சொன்னாங்க" என்றேன். "ஆறு மாசம்னு."

ஆதிரை விரல் விட்டாள். "அப்ப பொங்கலுக்கு?"

"பொங்கலுக்கு இருக்க மாட்டாருன்னுதான் சொன்னாங்க. தெரியாது. சொன்னது அவ்வளவுதான்."

அவர் மெல்ல மூச்சு விட்டார். "சரி" என்றார். ஏதோ விலை கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி. ஆதிரைதான் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினாள்.

"ஜூலைலருந்து ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா என்னைய சனிக்கிழமை சனிக்கிழமை அங்க விட்டுட்டு நீ மட்டும் வந்த? எனக்கு எதுக்கு அபாகஸ்? எனக்கு எதுக்கு காலாண்டு? அப்பா இங்க இருக்காங்க, நான் அங்க மணி மணியா எண்ணிக்கிட்டு இருந்தேன்!"

கத்தினாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில், தோளில், எட்டிய இடத்திலெல்லாம் அடித்தாள். நர்ஸ் ஓடி வந்து, "பாப்பா, அப்பாவுக்கு ரெஸ்ட் வேணும்" என்றார். "விடுங்க சிஸ்டர்" என்றார் அவர். நான் தடுக்கவில்லை. இத்தனை வாரமாக யார் யார் மேலேயோ கோபப்பட்டேன். விளையாட்டைச் செய்தவன் மேல், பிளெஸ்ஸி மேல், பூனை மேல், இவர்கள் மூன்று பேர் மேல். சரியான ஆளைப் பிடித்து அடித்தது என் மகள் ஒருத்திதான்.

அடித்து ஓய்ந்ததும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழக் கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது, மூக்கு ஒழுகி, முகம் வீங்கி, அசிங்கமான அழுகை. அவர், "ரெண்டு பேரும் இங்க வாங்க" என்றார். கட்டில் ரொம்பச் சிறியது. எப்படியோ உட்கார்ந்தோம்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று மாலை நான் மட்டும் ஊருக்குத் திரும்பினேன். ஆதிரை மதினி வீட்டிலேயே இருக்கிறாள். வருகிற வாரத்திலிருந்து நானும் நீண்ட விடுப்பு போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

காலையில் பள்ளி அலுவலகத்துக்கு போன் செய்தேன். கிளார்க் எடுத்தார். ஆதிரை வரமாட்டாள் என்றேன்.

"பரீட்சை நேரம் மேடம். என்ன காரணம்?"

"அவ அப்பாவுக்குக் கேன்சர். அவ அவர் கூட இருக்கா."

கிளார்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயோ, அப்படியெல்லாம் எழுத வேணாம் மேடம். காய்ச்சல்னு போட்டுக்கறேன். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"காய்ச்சல் இல்ல சார். காய்ச்சல்னு போடாதீங்க. நான் சொன்னத அப்படியே போடுங்க" என்று கத்தினேன்.

"சரி மேடம், சரி மேடம்." பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "எத்தன நாளைக்கு மேடம் லீவு?"

"அவர் இருக்கிற வரைக்கும்" என்றேன்.